நாகேஷின் கையை நறுக்காதீர்கள்

பழைய தமிழ்ப் படங்களின் உரிமையைக் கையில் வைத்திருப்பவர்களுக்கும், அவற்றை டிவியிலும் இணையத்திலும் போடுகிறவர்களுக்கும் வணக்கம்.

என் மகளுக்கு ஒன்பது வயது. நான் அவள் வயதில் தூர்தர்ஷனில் பார்த்து விழுந்து விழுந்து சிரித்த 'காதலிக்க நேரமில்லை'யை அவளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. போன மாதம் லீவில் உட்கார்ந்து பார்த்தோம். அப்போதுதான் இந்தப் படங்கள் இப்போது எந்தக் கோலத்தில் எங்களிடம் வந்து சேருகின்றன என்று தெரிந்தது.

முதலில் ஃபிரேம். தமிழில் சினிமாஸ்கோப் என்கிற அகலத்திரைப் படம் வந்ததே 1973ல், 'ராஜராஜ சோழன்' படத்தோடுதான். 1964ல் வந்த இந்தப் படம் கிட்டத்தட்ட சதுரமானது, அகலம் நான்கு என்றால் உயரம் மூன்று. அதை இன்றைய அகல டிவியில் ஓரம் கறுப்பாகத் தெரியக்கூடாது என்பதற்காக மேலேயும் கீழேயும் நறுக்கி நிரப்புகிறீர்கள். கணக்குப் போட்டால் படத்தில் கால்வாசி போய்விடுகிறது. ஓகோ புரொடக்‌ஷன்ஸ் என்று படக் கம்பெனி வைத்திருக்கிற செல்லப்பா (நாகேஷ்) தன் அப்பா விஸ்வநாதனுக்கு (பாலையா) பேய்க்கதை சொல்கிற காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நாகேஷ் வாயால் மட்டுமா கதை சொல்கிறார்? விரல், தோள், முழங்கால் எல்லாம் சேர்ந்து சொல்லும், சத்தமும் அவரே போடுவார், எதிரே பாலையா வசனமே அதிகம் இல்லாமல் கண்ணையும் உதட்டையும் வைத்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக மிரண்டு போவார். நாங்கள் பார்த்த பிரதியில் நாகேஷின் கை வந்து வந்து ஃபிரேமுக்கு வெளியே காணாமல் போனது. ஒளிப்பதிவாளர் வின்சென்ட் பார்த்துப் பார்த்து வைத்த ஃபிரேம் அது. ஓரம் கறுப்பாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

இதே காட்சியை என் மகள் முன்னாலேயே செல்போனில் நாலு நிமிடத் துண்டாகப் பார்த்திருக்கிறாள். அப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லையாம். முழுப் படத்தில் பார்த்தபோது தரையில் உருண்டாள். காரணம் ரொம்ப எளிது. பணத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற அப்பா, அந்தப் பணத்தை வாங்கிப் படம் எடுத்தே தீருவேன் என்று சுற்றுகிற பிள்ளை, இந்த இரண்டு பேரும் யார் என்று அதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இயக்குநர் ஸ்ரீதரும் அவரோடு சேர்ந்து எழுதிய சித்ராலயா கோபுவும் அப்படித்தான் அந்தச் சிரிப்பைக் கட்டியிருக்கிறார்கள். காமெடியை மட்டும் தனியாக வெட்டிப் போடுகிறவர்கள் அடித்தளத்தை விட்டுவிட்டு மாடியை மட்டும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். துண்டு போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் முழுப் படமும் நல்ல பிரதியாக ஓர் இடத்தில் இருக்க வேண்டாமா?

பாட்டு விஷயமும் அப்படித்தான். விளம்பரத்துக்கு நேரம் வேண்டும் என்று டிவியில் முதலில் கத்தரி விழுவது பாட்டின் மேல். 'விஸ்வநாதன் வேலை வேணும்' கதைக்கு இடையில் வருகிற பாட்டு இல்லை, கதையே அதுதான்! வேலையை விட்டுத் துரத்தப்பட்ட கதாநாயகன் அசோக், முதலாளி விஸ்வநாதன் வீட்டு வாசலிலேயே கூடாரம் போட்டுக் கேட்கிற நியாயம் அது. அது போய்விட்டால், பின்னால் அதே அசோக்கைக் கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளை என்று நம்பிப் பாலையா குழைகிறாரே, அதில் பாதி ருசி போய்விடும்.

அப்புறம் நிறம். ஈஸ்ட்மென் கலரில் எடுத்த அந்தக் காலத்துப் பிரதிகள் வருஷமாக ஆக நீலமும் பச்சையும் வெளுத்துச் சிவந்து போகும். ஆழியாறு பக்கத்து மலையும் அணையும் பச்சையாகத் தெரிய வேண்டிய இடத்தில் எங்களுக்குச் செங்கல் நிறம் தெரிந்தது. இதைச் சரிசெய்ய முடியாது என்று சொல்லாதீர்கள். இதே 1964ல் வந்த 'கர்ணன்' படத்தை டிஜிட்டலில் சுத்தம் செய்து 2012ல் தியேட்டரில் விட்டபோது ஜனங்கள் போய்ப் பார்க்கத்தானே செய்தார்கள்? புராணப் படத்துக்குக் கிடைத்த மரியாதை நகைச்சுவைப் படத்துக்கும் கிடைக்க வேண்டும். வீட்டில் குழந்தைகளோடு சேர்ந்து திரும்பத் திரும்பப் பார்க்கிற படங்கள் இவைதான்.

இன்னொன்று, தமிழ்ப் படத்துக்குத் தமிழிலேயே வசனம் திரையின் அடியில் எழுத்தாக ஓடட்டும். ஆங்கிலத்தில் மட்டும் போடுகிறீர்கள். நாகேஷின் வேகத்துக்குப் பழைய ஒலித்தடத்தில் பாதி வார்த்தை குழந்தைக்குப் பிடிபடுவதில்லை, நான் நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழில் எழுத்து ஓடினால் அவளே படித்துக்கொள்வாள், காது கேட்காத பெரியவர்களும் கூடச் சேர்ந்து சிரிப்பார்கள். பாலையாவின் முகத்துக்கு மேல் ஓடும் விளம்பரப் பட்டையை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

இலவசமாகக் கேட்கவில்லை. சுத்தமான, முழுசான, நறுக்காத பிரதி என்றால் காசு கொடுத்துப் பார்க்க நான் தயார், என்னைப் போல நிறையப் பெற்றோர் இருக்கிறார்கள். 1967ல் வந்த 'பாமா விஜயம்', 1972ல் கோபுவே இயக்கிய 'காசேதான் கடவுளடா', இரண்டையும் அடுத்த லீவில் காட்டுவதாக மகளிடம் சொல்லியிருக்கிறேன். நல்ல பிரதி உங்களில் யாரிடம் இருக்கிறது, எங்கே போட்டிருக்கிறீர்கள் என்று சொன்னால் போதும்.

அன்புடன்,
ஒரு அம்மா