அந்த ஸ்பிரிங்கைக் கொஞ்ச நாள் கீழே வை

ரங்கூன்
ஆடி மாதம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். மழைதான் விடவில்லை. கொடியில் போட்ட லுங்கி மூன்று நாளாக ஈரமாகவே தொங்குகிறது.

சிங்கப்பூரில் கைப்பிடி பலத்துக்காக அமுக்கும் ஸ்பிரிங் கிரிப்பர் வாங்கி தினமும் 200 தடவை அமுக்குகிறேன், இப்போது முழங்கைக்கு வெளிப்பக்கம் சுருக்கென்று வலிக்கிறது என்று போனில் சொன்னாயே, அதே நினைப்பாக இருக்கிறது. அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் தைலப் புட்டியோடு கிளம்பிவிடுவாள்.

இந்தக் கூத்தை நானும் ஆடியவன்தான். நீ போன மறு வருஷம் கடை வாசலில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டேனே, ஞாபகம் இருக்கிறதா? மாவுக்கட்டைப் பிரித்தபோது முன்கை முருங்கைக்காயாக மெலிந்திருந்தது. பரோட்டா மாவை விடு, ஊறுகாய் ஜாடி மூடியைத் திருகவே அம்மா வரவேண்டியிருந்தது. பயிற்சி கொடுத்த பர்மியப் பெண் பிடி பலத்தை அளக்கும் ஒரு கருவியைப் பிடித்து அமுக்கச் சொன்னாள். முள் 14 கிலோவில் நின்றது. ஆம்பிளைக்கு 27-க்குக் கீழே போனால் பலவீனக் கணக்காம். அந்த 27-ஐ இங்கத்து எடைக் கணக்கான வீசைக்கு மாற்றிப் பார்த்தேன், பதினாறரை வருகிறது. (இங்கே கடைத்தெருவில் இன்னும் வீசைதான் பேசுகிறது.)

அவள் கொடுத்தது ஒரு பஞ்சுப் பந்து. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சந்தையில் இருப்பதிலேயே முரட்டு ஸ்பிரிங்காக வாங்கி வந்து வீம்புக்கு அமுக்கினேன். இரண்டே வாரம், டீ கிளாஸைத் தூக்கினால் முழங்கையில் ஊசி குத்தியது.

அப்புறம்தான் அவள் காட்டினாள். நீயும் செய்து பார். இடது கையால் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு முஷ்டியை மடக்கு. உள்பக்கம் புடைக்கிறதல்லவா? விரலை மடக்கும் பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன. விரலுக்குள் வருவது வெறும் நாண்தான், தசையை எலும்போடு கட்டும் கயிறு மாதிரி. மேல்பக்கமும் இறுகும், கவனி. நீ அமுக்கும்போது மணிக்கட்டு மடங்கிப் போகாமல் பிடித்து நிறுத்துவது அந்த மேல்தசைகள். அவை போய் ஒட்டும் இடம் முழங்கையின் வெளி எலும்பு. உனக்கு வலிக்கும் இடமும் அதுதான். தசை சீக்கிரம் பலமாகிவிடும், நாண் மெதுவாகத்தான் ஈடு கொடுக்கும்.

ஆகவே வலி அடங்கும்வரை ஸ்பிரிங்கைத் தொடாதே. பிறகு இலேசானதாக வாங்கு. மேலே அச்சடித்த கிலோவை நம்பாதே, ஒரு கம்பெனியின் 40 இன்னொன்றின் 40 இல்லை. பத்துப் பன்னிரண்டு தடவை முழுசாக மூட முடிகிறதா, அது போதும். மூடி இரண்டு விநாடி நிறுத்தி, மெதுவாக விடு, படாரென்று விரியவிடாதே. மூச்சையும் அடக்காதே. மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். 200 எல்லாம் வேண்டாம் ராசா.

எல்லோரும் மறப்பது விரிப்பதை. அஞ்சு விரல் நுனியையும் சேர்த்து ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு, விரித்து விரித்து மூடு. காசே இல்லாத வைத்தியம். நான் அரிசி வாளிக்குள் கையை மணிக்கட்டு வரை நுழைத்து உள்ளேயே விரித்துத் திருப்பியும் செய்தேன். "சோத்து அரிசியில என்ன விளையாட்டு" என்று அம்மா போட்ட சத்தம் பக்கத்துப் பர்மிய வீட்டுக்கும் கேட்டது. அதற்கப்புறம் எனக்கென்று பழைய அரிசி தனி வாளி. நனைந்த லுங்கியை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பிழிவதும் நல்ல பயிற்சி. இந்த மழைக்கு வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை.

விரல் மரத்துப்போனாலோ, சில வாரம் ஆகியும் வலி குறையாவிட்டாலோ, டாக்டரிடம் போ. செலவைப் பார்க்காதே.

தைப்பூசத்துக்கு வரும்போது அந்த முரட்டு ஸ்பிரிங்கைப் பையில் போட்டு எடுத்து வா. போன மாதம் அளந்ததில் என் வலது கை 31 காட்டியது. ஒரு கை பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா