ஈரச்சுவரும் இரண்டு பதிவேடுகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் நலவாழ்வுப் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான கட்டுரையில், மருத்துவமனைத் தகவல்களைப் பிற துறைகளோடு பகிர்ந்துகொள்வதால் நோயாளியின் அந்தரங்கம் கெடுமே தவிர நோய் குறையப் போவதில்லை என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது. நெடுங்காலமாகத் தங்கள் இதழை வாசித்துவருகிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: அந்த வரி என்னை மிகவும் நோகடித்தது.

என் தங்கையின் மகனுக்கு மூச்சிரைப்பு உண்டு. மழைக்காலம் வந்தாலே அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. முகமூடி வைத்து மருந்தை ஆவியாகக் கொடுத்து, இரைப்பு அடங்கியதும், ஈரமும் பூஞ்சையும் உள்ள இடங்களைத் தவிர்க்கவும் என்று சீட்டில் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அவன் படுக்கும் அறையின் சுவரோ இடுப்புயரத்துக்கு ஊறி, பூச்சு உப்பி உதிர்ந்து, கட்டிலுக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை படர்ந்து கிடக்கிறது. அந்தச் சுவரைப் பற்றிய புகார், அக்கம்பக்கத்து வீடுகளின் புகார்களோடு சேர்ந்து, குடியிருப்பு அலுவலகத்தின் பதிவேட்டில் இருக்கிறது. மூச்சுத் திணறி வந்த பிள்ளைகளின் முகவரிகள் மருத்துவமனையின் கணினியில் இருக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை. தங்கை மருத்துவரிடமே சுவரைப் பற்றிச் சொன்னபோது, அதை எழுதப் படிவத்தில் இடமில்லை என்று அவர் வருத்தத்தோடுதான் சொன்னார்.

1854-இல் லண்டனில் காலரா பரவியபோது, மரணப் பதிவு அலுவலகத்தின் வில்லியம் ஃபார் இறந்தவர்களின் முகவரிகளை மருத்துவர் ஜான் ஸ்நோவுக்குக் கொடுத்து உதவினார் என்பது தாங்கள் அறியாததன்று. எந்த வீட்டுக்கு எந்த நிறுவனம் தண்ணீர் விட்டது என்பதை அந்த முகவரிகளோடு ஸ்நோ ஒப்பிட்டுப் பார்த்ததால்தான், சாக்கடை கலந்த ஆற்றுநீரை விநியோகித்த நிறுவனத்தின் வீடுகளில் சாவு மிகுந்திருந்தது வெளிப்பட்டது.

அந்தரங்கம் பற்றிய அச்சம் எனக்கும் உண்டு. எங்கள் பிள்ளையின் பெயரை எந்த அலுவலகத்துக்கும் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். ஆனால் பெயரே தேவைப்படாத வழி ஒன்று நடைமுறையில் இருப்பதைக் கட்டுரையாளர் சொல்லாமல் விட்டது முறையா? வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில், முகத்தாடை அறுவை மருத்துவரான ஜோனதன் ஷெப்பர்ட், தாக்கப்பட்டுச் சிகிச்சைக்கு வருகிறவர்களில் பலருடைய செய்தி காவல்துறைக்கே எட்டுவதில்லை என்று கண்டார். எந்த இடத்தில், எப்போது, எந்த ஆயுதத்தால் என்ற விவரங்களை மட்டும், பெயரை நீக்கிவிட்டு, மருத்துவமனை காவல்துறைக்கும் நகராட்சிக்கும் கொடுக்கத் தொடங்கியது. வன்முறையால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர் எண்ணிக்கை லட்சம் பேருக்கு மாதம் 7-லிருந்து 5-ஆகக் குறைந்ததாகவும், ஒப்பிட்ட பிற நகரங்களில் அதே காலத்தில் 5-லிருந்து 8-ஆக உயர்ந்ததாகவும் 2011-இல் ஆய்வு வெளியானது.

இந்த ஒரு வரியோடு என் மனத்தாங்கல் முடிந்துவிடவில்லை. நலவாழ்வுப் பக்கத்தைத் திறந்தால் நடங்கள், உப்பைக் குறையுங்கள், கவலையை விடுங்கள் என்ற அறிவுரைதான் வாராவாரம். நடக்கப் பாதையில்லாதவரும், இரவுப் பணியில் உறக்கம் கெட்டவரும், வாடகைக்கு அஞ்சி மாத்திரையைப் பாதியாக உடைத்து விழுங்குகிறவரும் உங்கள் வாசகர்கள் இல்லையா? பிறக்கும், வளரும், வேலை செய்யும் சூழலே நலவாழ்வைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று மைக்கேல் மார்மட் தலைமையிலான உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2008-இலேயே அறிக்கை தந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கும் கணக்கெடுக்க வந்தார்கள். எத்தனை அறை, என்ன வருமானம், யாருக்கு என்ன நோய் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அதிலிருந்து என்ன தெரிந்தது, யாரிடம் கொடுத்தார்கள் என்று இன்றுவரை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. தகவல் தருவது மட்டும் எங்கள் கடமை போலும் என்ற வருத்தம் இன்னும் ஆறவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். கார்டிஃப் நகரில் நடந்ததை அதே பக்கத்தில், அதே அளவு இடத்தில், அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி