காவிரிக்கரைச் சாலையில் எங்களுக்கு வழிவிட்டவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

தை மாதக் கடைசியில் திருச்சியிலிருந்து கிளம்பி, கல்லணை, திருவையாறு, தஞ்சாவூர், கும்பகோணம், கங்கைகொண்ட சோழபுரம், மயிலாடுதுறை என்று சுற்றித் தரங்கம்பாடி வரை சைக்கிளில் போய்ச் சேர்ந்தோம். யாருக்கும் அடிபடவில்லை, யாரும் பாதியில் திரும்பவும் இல்லை. இதற்கு எங்கள் கால் பலம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பொய். சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம். டெல்டாவில் அப்போது சாலையும் ஒரு களம்தான். நீங்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்கு நடுவே நாங்கள் புகுந்தோம், நீங்கள் கையிலிருந்த வேலையை விட்டு வழி கொடுத்தீர்கள். பலருடைய பெயர் எங்களுக்குத் தெரியாது. இடத்தைச் சொன்னால் உங்களுக்கே புரிந்துவிடும்.

பந்தநல்லூரிலிருந்து குத்தாலம் போகும் உள்சாலையில் நெல் காயவைத்திருந்த அம்மாவுக்கு முதல் நன்றி. எங்கள் டயர் இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். நெல்மணி மேல் ஏறினால் வழுக்கும், பிரேக் பிடித்தால் ஆளையே சாய்த்துவிடும். அதோடு, காய்கிற நெல்லை மிதிக்க யாருக்கு மனசு வரும்? இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம் என்று நாங்கள் நின்றதைப் பார்த்ததும், ஓரத்தில் வரிசையாக வைத்திருந்த செங்கற்களில் நாலைந்தை நகர்த்தி, காலாலேயே நெல்லை ஒதுக்கி வழி செய்துவிட்டீர்கள். “வெயில் நல்லா ஏறிடுச்சு, நிக்காம போங்க தம்பி” என்றீர்கள். நாங்கள் நின்று பேச்சுக் கொடுத்தபோதும் உங்கள் கால் ஓயவில்லை. அடியில் இருக்கும் ஈரநெல் மேலே வர வேண்டும் என்று கோடு கோடாகக் கிளறிக்கொண்டே இருந்தீர்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டையைத் திருப்பிவிடுவார்கள் என்று நீங்கள் சொல்லித்தான், அந்த வெயிலின் ஒவ்வொரு மணி நேரமும் உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று விளங்கியது. சாலையில் நெல் கொட்டுகிறார்களே என்று சலித்துக்கொள்பவர்கள் எங்கள் சைக்கிள் வட்டத்திலும் உண்டு. ஊருக்குப் போதுமான உலர்களம் இருந்தால் யார் தார்ச்சாலைக்கு வரப்போகிறார்கள் என்று இனி அவர்களிடம் நான் கேட்பேன்.

பாபநாசம் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணே, உங்களுக்கு ஒரு கும்பிடு. எங்களில் ஒருவருடைய பின்சக்கரத்தில் காற்று நிற்கவே இல்லை. புது டியூப் போட்டும் கொஞ்ச தூரத்திலேயே இறங்கிவிட்டது. நீங்கள் டியூபை அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கிவிட்டு, டயரை உள்புறம் வெளியே தெரியும்படி திருப்பி, விரல் நுனியால் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தீர்கள். முக்கால் சுற்று வந்ததும் விரல் நின்றது. சீமைக்கருவேல முள்ளின் நுனி, ரப்பருக்குள்ளேயே ஒடிந்து புதைந்து கிடந்தது. கண்ணால் தேடினால் கிடைத்திருக்காது. ஊசியால் நோண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினீர்கள். பக்கவாட்டில் இருந்த கிழிசலுக்கும் பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி உள்ளே ஒட்டினீர்கள். அந்த ஒட்டு தரங்கம்பாடி வரை தாங்கியது, இப்போதும் அப்படியே இருக்கிறது. சாதாரண பஞ்சருக்கு வாங்குகிற காசை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தீர்கள். எங்கள் சைக்கிளில் இருக்கும் ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்கு உங்கள் பம்பு பொருந்த உதவிய பித்தளை அடாப்டர் உங்கள் கடையிலேயே இருக்கட்டும். இந்த மாதிரி சைக்கிளில் வருகிற அடுத்தவருக்கு ஆகும்.

திருப்பாலைத்துறைக் கோயிலில் நெற்களஞ்சியத்தைப் பார்க்காமல் போகாதீர்கள் என்று சொன்னதும் நீங்கள்தான். நாயக்கர் காலத்தில் செங்கல்லால் வட்டமாக எழுப்பி, மேலே கூம்பாக முடித்த கட்டடம். பெரிய கோயிலைப் பார்த்த கண்ணுக்கு அது சின்னதுதான். ஆனால் வழியெல்லாம் நெல்லைப் பார்த்துக்கொண்டே வந்த எங்களுக்கு, அதன் முன்னால் நின்ற நேரம் பெரிது.

திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் போகும் வழியில் எங்களுக்குப் பின்னால் வந்த மினிபஸ் டிரைவருக்கும் நன்றி. காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று கொஞ்ச தூரத்துக்குள் ஐந்து ஆறுகள். சமவெளியில் ஏற்றம் என்றால் பாலம்தான், அங்கேதான் சாலையும் ஒடுங்குகிறது. ஒரு பாலத்தில்கூட ஹாரன் அடித்து எங்களை நெருக்காமல் பொறுமையாகப் பின்னால் வந்தீர்கள். 1836-ல் கட்டிய அணைக்கரைக் கீழணையின் குறுகலான பாதையில் எதிரே வந்த குட்டியானைக்காரர், முகப்பிலேயே வண்டியை நிறுத்தி எங்களை முதலில் விட்டார். அவருக்கும் அப்படியே.

கும்பகோணம் லாட்ஜ் மேனேஜர் சார், சைக்கிளைப் படியேற்றி அறைக்குள் வைக்க அனுமதித்தீர்கள். சேறு படிந்த சக்கரத்துக்கு அடியில் போடப் பழைய செய்தித்தாளும் கேட்காமலே கொடுத்தீர்கள். அன்று நிம்மதியாகத் தூங்கினோம். விடிவதற்கு முன்னால் அடுப்பு பற்றவைத்து இட்லி போட்டுக் கொடுத்த மெஸ் அக்காவால்தான், கங்கைகொண்ட சோழபுரத்தை வெயிலுக்கு முன் எட்ட முடிந்தது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைவிட உயரம் குறைவு, ஆனால் நேராக எழாமல் வளைந்து எழும் அந்த விமானத்தைக் காலை வெளிச்சத்தில் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். நாங்கள் உள்ளே நிதானமாகச் சுற்றும் வரை சைக்கிள்களைத் தன் பார்வையிலேயே வைத்துக்கொண்ட காவலர் ஐயாவுக்கு நன்றி.

மயிலாடுதுறைக்குக் கிழக்கே எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. மிதித்தாலும் வண்டி நகரவில்லை. செம்பனார்கோயில் டீக்கடையில் உப்புப் போட்ட மோரைச் செம்பு செம்பாக ஊற்றிக் கொடுத்த பெரியம்மா, அந்தக் கடைசித் தூரம் உங்கள் புண்ணியம்.

தரங்கம்பாடியில், 1620-ல் டேனியர் கட்டத் தொடங்கிய கோட்டைக்குப் பக்கத்தில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலைக் காட்டி, கடல் அரித்துக்கொண்டு போன பகுதி எதுவரை இருந்தது என்று கையை நீட்டிச் சொன்னார். ஐயா, நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்போம்.

எடுத்த படங்களைப் பிரின்ட் போட்டுவிட்டோம். கடைக்கும் லாட்ஜுக்கும் மெஸ்ஸுக்கும் தபாலில் வந்து சேரும். குத்தாலம் அம்மாவின் படத்தை மட்டும் குறுவை அறுவடைக்கு அந்தப் பக்கம் வரும்போது நேரில் தருகிறோம்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து வந்த சைக்கிள்காரர்கள்