நாற்காலி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெய்நிகர் வகுப்பறை பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவருக்கு நல்ல உற்சாகம், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் கூடவே போட்டிருந்த படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். கண்ணில் கருவியை மாட்டிக்கொண்டு மாணவர்கள் நுழையப்போகிற அந்தப் புது உலகத்தில் வரிசை வரிசையாகப் பெஞ்சு, முன்னால் ஒரு மேடை, மேடைக்குப் பின்னால் ஒரு திரை. 2008-இல் நாங்கள் கட்டியதும் அச்சு அசலாக இதேதான்.

நான் அப்போது பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில், விரிவுரையாளர்களுக்குக் கணினி வழிக் கற்பித்தலைச் சொல்லிக்கொடுக்கும் பிரிவில் வேலை பார்த்தேன். 'செகண்ட் லைஃப்' என்ற மெய்நிகர் உலகம் அன்று பெரிய பேச்சு. கணினித் திரையில் நமக்கென ஒரு பொம்மை உருவத்தை வைத்துக்கொண்டு உலாவுகிற இடம். சான் பிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003-இல் தொடங்கியது அது. 2006-இல் ஹார்வர்டு சட்டக் கல்லூரியே அதற்குள் ஒரு பாடம் நடத்தியது, அவ்வளவுதான், பல பல்கலைக்கழகங்கள் தீவு வாங்கக் கிளம்பிவிட்டன. தீவு என்றால் 256 மீட்டருக்கு 256 மீட்டர் பொய் நிலம். எங்கள் நிர்வாகமும் ஒன்று வாங்கியது. "இனி புதுத் தொழில்நுட்பம் எது வந்தாலும் ஆசிரியர்களுக்கு அங்கேயே வைத்து விளக்குங்கள்" என்று எங்களிடம் ஒப்படைத்தார்கள்.

சரி என்று அறுபது நாற்காலியோடு ஒரு மண்டபம் கட்டினோம். மழை பெய்யாத ஊர் என்பதால் கூரை வேண்டாம் என்று யோசிக்கத் தெரிந்த எங்களுக்கு, கால் வலிக்காத ஊரில் நாற்காலி எதற்கு என்று யோசிக்கத் தெரியவில்லை பாருங்கள்.

முதல் பயிற்சிக்கு ஏழெட்டுப் பேர் வந்தார்கள். இரண்டு பேருக்குத் தலைமுடி வந்து சேரவில்லை, மொட்டைத் தலையோடு நின்றார்கள். ஒருவர் ஹெட்போன் போடாததால் நான் பேசுவதெல்லாம் எனக்கே திரும்பக் கேட்டது. எல்லோரையும் நாற்காலியில் உட்கார வைக்கவே இருபது நிமிடம் போய்விட்டது, அப்புறம் திரையில் ஸ்லைடு ஓட்ட ஆரம்பித்தேன், அதாவது பக்கத்து அறையில் புரொஜெக்டரில் காட்டியிருக்கக்கூடிய அதே ஸ்லைடு. அடுத்துப் பேச வேண்டிய பேராசிரியர் மேடைக்கு வந்தார். முந்தைய ஸ்லைடுக்குப் போகலாம் என்று வழக்கம்போல 'பேஜ் அப்' பட்டனை அழுத்தினார். அந்த உலகத்தில் அது பறப்பதற்கான பட்டன். மனிதர் கோட்டு சூட்டோடு நேரே மேலே போய் அந்தரத்தில் நின்றார். "அட, இங்கிருந்து கடல் தெரிகிறதே!" என்றார். அடுத்த நிமிடம் எல்லோரும் "எப்படி, எப்படி?" என்று கேட்டுக்கேட்டு மேலே போய்விட்டார்கள். நான் எரிச்சலோடு கீழே இருந்து, "தயவுசெய்து இறங்கி உட்காருங்கள், இன்னும் பதினான்கு ஸ்லைடு இருக்கிறது" என்று கத்திக்கொண்டிருந்தேன். அன்று பாடம் நடந்தது மேலேதான் என்பது எனக்கு உறைக்க ரொம்ப நாளாயிற்று.

அதை முன்பே புரிந்துகொண்டவர்கள் அதே உலகத்தில் இருந்தார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மனநல மருத்துவர் பீட்டர் யெல்லோலீஸ் அங்கே ஒரு மருத்துவமனை வார்டு கட்டினார். மனச்சிதைவு நோயாளிகளிடம் கேட்டறிந்ததை வைத்துக் கட்டியது அது. உள்ளே நடந்தால் காதருகே குரல்கள் பேசும், சுவரொட்டியில் இருக்கும் வார்த்தைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வசையாக மாறும், தரை நழுவிப்போய் மேகத்துக்கு மேல் நிற்பீர்கள். நோயாளிக்கு என்ன கேட்கிறது, என்ன தெரிகிறது என்பதை இப்படி எந்த விரிவுரை காட்டும்? அமெரிக்காவின் வாசர் கல்லூரியார் வாடிகனின் சிஸ்டைன் தேவாலயத்தை அங்கே கட்டினார்கள். மைக்கலாஞ்சலோவின் கூரை ஓவியத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டாம், பறந்து போய் மூக்கு உரசப் பார்க்கலாம். டெக்சஸ் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தின் ஜீனோம் தீவில், பட்டாணிச் செடிகளை வைத்து மரபியல் விதிகளைக் கண்ட மெண்டலின் தோட்டம் இருந்தது. இதில் ஒன்றைக் கூட்டிப்போய்க் காட்டியிருந்தால் எங்கள் ஆசிரியர்களுக்குப் பத்து நிமிடத்தில் விஷயம் விளங்கியிருக்கும். நாங்கள் காட்டியது நாற்காலி.

இன்னொன்று, காசு. கட்டுரையாளர் கருவியின் விலையைச் சொன்னார், நிலத்தின் வாடகையைச் சொல்லவில்லை. அன்று ஒரு தீவுக்கு மாதம் 295 டாலர், கல்வி நிறுவனங்களுக்குப் பாதி. 2010 அக்டோபரில், அடுத்த ஜனவரி முதல் அந்தச் சலுகை கிடையாது என்று லிண்டன் லேப் அறிவித்தது. 2013-இல் சலுகை திரும்பி வந்தது, ஆனால் அதற்குள் பல பல்கலைக்கழகங்கள் கிளம்பிவிட்டன. சில, இதேபோன்ற உலகத்தை நாமே நடத்த உதவும் இலவச மென்பொருளான ஓப்பன்சிமுலேட்டரைச் சொந்த சர்வரில் போட்டுக்கொண்டன. செகண்ட் லைஃபில் கட்டியதை அப்படியே மூட்டை கட்டி எடுத்துப்போகவும் வழியில்லை, பிறர் செய்து விற்ற மரமும் மேசையும் பிறருடையதுதான். எங்கள் நிர்வாகம் ஒரு வரி மின்னஞ்சலில் தீவைக் கைவிட்டது. யாரும் வந்து அழவில்லை. அழும்படி அங்கே என்ன இருந்தது?

ஆகவே இப்போது இந்தக் கருவிகளை வாங்கப்போகிற கல்லூரிகளிடம் உங்கள் நிருபர்கள் இரண்டு கேள்வி கேட்டால் நன்றாக இருக்கும். உள்ளே போனதும் மாணவர் என்ன செய்வார், உட்கார்ந்து கேட்பதைத் தவிர? ஒப்பந்தம் முடிந்த மறுநாள் அந்த வகுப்பறை யாரிடம் இருக்கும்?

அந்த மண்டபத்தின் படம் ஒன்று இன்னும் என் கணினியில் இருக்கிறது. அறுபது நாற்காலி, ஒன்றில்கூட ஆள் இல்லை. படத்தின் மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு கறுப்பு ஷூ தொங்குகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பல்கலைக்கழக ஊழியர்,
லண்டன்