வேலிக்குப் பதில் ஒரு வரப்பு

அன்புள்ள மகளுக்கு,

முன்புறத்தில் வேலி போடலாமா, பாத்தியைச் சுற்றித் தாழ்வான வரப்பு மட்டும் போதுமா என்று கேட்டிருந்தாய். வரப்பே போதும் என்பேன். புல் பாத்திக்குள் படராமலும், மழைக்கு மண் கரைந்து நடைபாதைக்கு வராமலும் தடுக்க அரை அடி உயரம் தாராளம்.

ஆனால் மண்வெட்டியைத் தொடுமுன் நகராட்சியைக் கேட்டுவிடு. எவ்வளவு உயரம் வரை அனுமதி வேண்டாம் என்பது ஊருக்கு ஊர் மாறும். பல நகரங்களில் வேலிக்கு முன்புறம் 3 அல்லது 4 அடி, பின்புறம் 6 அடி என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் செடிவேலிக்கும் அதே கணக்குதான். மண்ணை முட்டுக்கொடுக்கும் அளவுக்கு வரப்பை உயர்த்தினால் அது தாங்குசுவர். அதன் விதி வேறு. உன்னுடையது தெருமுனை வீடு. திரும்பும் வண்டிக்காரருக்கு வழி தெரியும்படி மூலையில் முக்கோணமாக ஓர் இடத்தை மறைக்காமல் விடச் சொல்வார்கள். மனமுவந்து விட்டுவிடு அம்மா, பிள்ளைகள் சாலையைக் கடக்கும் இடம் அது. குடியிருப்போர் சங்கம் இருந்தால் அவர்களிடமும் கேள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்.

எல்லைக்கல்லையும் தேடிப் பார். பழைய வேலி நிற்கும் இடமே எல்லை என்று நம்பிவிடாதே. நில அளவை வரைபடம் சொல்வதுதான் எல்லை. நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவிலுள்ள மண் பெரும்பாலும் நகராட்சியுடையதாக இருக்கும். தோண்டுமுன், மண்ணுக்கடியில் மின்கம்பியும் எரிவாயுக் குழாயும் எங்கே போகின்றன என்று குறித்துத் தரச் சொல்.

வரப்புக்கு எனக்குப் பிடித்தது செங்கல்தான். வளைவு வேண்டுமென்றால் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயைத் தரையில் கிடத்தி, தள்ளி நின்று பார். கண்ணுக்கு நிறைவாக வரும்வரை நகர்த்து. பிறகு வெட்டு. பள்ளத்தின் அடியைத் திமிசு போட்டு இறுக்கி, மணல் பரப்பி, நூல் பிடித்துப் பதி. உட்புறம் ஒரு வரிசையை நிறுத்தி வை. புல்தரைப் பக்கம் ஒரு வரிசையைப் புல்லின் மட்டத்துக்குப் படுக்க வை. புல்வெட்டும் இயந்திரத்தின் சக்கரம் அதன்மேல் உருளும். ஓரப் புல்லைத் தனியாகக் கத்தரிக்கும் வேலை பெருமளவு குறையும். சிமெண்ட் பூசாதே. பாத்தியைப் பெரிதாக்க நினைத்தால் பெயர்த்து எடுக்கலாம், இடுக்கு வழியே நீரும் வடியும். சரிவு இறங்கும் பக்கம் இரண்டு இடைவெளி விடு. இல்லாவிட்டால் பெருமழையில் நீர் தேங்கி வேர் அழுகும்.

மரத்தருகே வந்ததும் நிறுத்திவிடு. பருத்த வேரை வெட்டித்தான் வரப்பு போக வேண்டுமென்றால் அந்த வரப்பே வேண்டாம். பழைய ரயில் தண்டவாளக் கட்டைகளை யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதே. மரம் மக்காமலிருக்க அவற்றில் ஏற்றியிருக்கும் கிரியோசோட் என்ற நச்சு எண்ணெய் கீரைப் பாத்திக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது.

பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே நேரில் சொல்லிவிடு. அளவை வரைபடத்தைப் படமெடுத்து அனுப்பு. மூலையில் உயரமாக வளராத செடி எது வைக்கலாம் என்று அம்மாவைக் கேட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா