சனிக்கிழமை காய்கறி ஒலிமேசை: கிளம்பும் முன் படித்துவிடுங்கள்

வணக்கம். காயைத் தொட்டால் கணினியிலிருந்து ஒலி வரும் மேசை இது. காலை 9 மணிக்கெல்லாம் பட்டர்வொர்த் மண்டபத்துக்கு வந்துவிடுங்கள்.

காய்: கத்திரிக்காய், வெள்ளரி, வாழைப்பழம், லீமாவ் கஸ்தூரி (சிறு எலுமிச்சை). அன்று காலை பசாரில் வாங்கியதாக இருக்கட்டும். வெங்காயம் வேண்டாம், காய்ந்த தோலில் மின்சாரம் ஓடாது. தேங்காயும் அப்படித்தான், பார்க்க மட்டும் அழகு.

தொடுதலைக் கணினிக்கு விசை அழுத்தமாக அனுப்பும் மேக்கி மேக்கி மின்பலகையின் முன்பக்கம் 6 இணைப்புதான். ஆகவே 6 காய் போதும். ஒவ்வொன்றிலும் எவர்சில்வர் ஆணி குத்தி, அதில் பலகையிலிருந்து வரும் வயரின் முதலை கிளிப்பை (பல்லுள்ள கவ்வி) மாட்டுங்கள். இரும்பு ஆணி எலுமிச்சைச் சாற்றில் துருப்பிடித்துவிடும். தொடுபவர் மறு கையில் பலகையின் எர்த் வயரைப் பிடித்தே ஆக வேண்டும். வயர் நுனியில் அலுமினியத் தாள் சுற்றிய கரண்டி கட்டினால் பிள்ளைகளுக்கும் வசதி. இருவர் கைகோத்தாலும் வேலை செய்யும், கூட்டம் சேருவதே அதற்குத்தான்!

யாரும் தொடாமலே ஒலி வந்தால், மேசை ஈரம். இந்தப் பலகைக்குச் சிறு கசிவே போதும். ஈரத்துணி இரண்டு காயை ஒன்றாக்கிவிடும். தனித்தனி பிளாஸ்டிக் தட்டில் வையுங்கள்.

ஒலி: செபராங் பிறை வயல் தவளை, பால்மரக் காட்டுச் சில்வண்டு. கைப்பேசியில் இரைச்சல் குறைப்பை அணைத்துவிட்டுப் பதியுங்கள், இல்லையென்றால் சில்வண்டையே இரைச்சலென்று அழித்துவிடும். காற்றுக்கு மைக்கின் மேல் பஞ்சு. எம்பி3 வேண்டாம், வேவ் (WAV) ஒலிக்கோப்பாக அனுப்புங்கள். தொடக்க மௌனத்தை வெட்டிவிடுங்கள், அது இருந்தால் தொட்டபின் தவளை யோசித்துத்தான் கத்தும்.

ஒலியை இயக்கும் ஸ்கிராட்ச் நிரலில் (கட்டங்களை அடுக்கி எழுதும் நிரல்மொழி) ஒலிக் கட்டளைக்குக் கீழே, "விசை விடுபடும் வரை காத்திரு" என்று சேர்த்தால் ஒலி திக்காது.