கொழுக்குமலைக்கு வருகிறவர்கள் கவனத்திற்கு

நண்பர்களே, சனிக்கிழமை இரவு கொழுக்குமலையில் கூடாரம். ஏறக்குறைய 7,900 அடி உயரம். ஜனவரி விடியலில் காற்றும் சேர்ந்தால் குளிர் எலும்பு வரை இறங்கும். போர்வையைவிட அடியில் விரிப்பதுதான் முக்கியம், தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஃபோம் மேட் கட்டாயம். வியர்த்த சட்டையோடு படுக்காதீர்கள். உலர்ந்த பனியன், சாக்ஸ் தனிப் பையில் இருக்கட்டும்.

அப்புறம், கெஞ்சிக் கேட்கிறேன்: தணல்தானே என்று கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். போன வருஷம் ஒரு தம்பி இரும்புச் சட்டியில் தணலை அள்ளி உள்ளே வைத்திருந்தான். வெளியே இழுத்துப் போட்டபோது என் கை நடுங்கியது. காற்றுத் துளையையும் துணியால் அடைக்க வேண்டாம்.

நடுக்கம் நிற்கவில்லை என்றால் தயங்காமல் என்னை எழுப்புங்கள். ஃபிளாஸ்க்கில் சுக்குக் காபி இருக்கும்.